பாதி நூலுக்கு மேல்

பட்டறையில் எல்லாரும் அவளை நூலக்கா என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயரை அங்கே அறிந்தவன் அவளுடைய தம்பி ஒருவன்தான். அவனும் அக்கா என்பதோடு நிறுத்திக்கொள்வான். காலையில் வந்ததும், தேநீருக்கும் பேச்சுக்கும் முன்னால், இடக்கை விரல்களில் சுற்றிய பருத்தி நூலைப் பிரித்து நீவி விடுவது அவள் வழக்கம். நூல் கையில் இருக்கும்வரை எவரேனும் வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் அசைப்பாள்.

அன்றும் கிழக்கு வெளுப்பதற்குள் அவள் தரையில் மல்லாந்து, வண்டியின் அடியில் தோளால் நகர்ந்து உள்ளே புகுந்தாள். சிமெண்டின் குளிர் சட்டையைத் தாண்டி முதுகெலும்பில் ஏறிற்று. எரிந்த சாயமும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம் மூக்கை அடைத்தது. அந்தப் பட்டறை வீட்டு வண்டிகளைக் கட்டும் இடம். சரக்கு வண்டிக்கெனச் செய்த வெறும் சேசிஸ் அங்கே வந்து இறங்கும். முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் இரண்டு நீண்ட இரும்பு உத்திரங்கள், அவ்வளவே. அதன்மீது கட்டிலும் அடுப்பும் குளியலறையும் ஏற்றி, வீடு விட்டு ஊர் சுற்றும் செல்வர்களுக்கு விற்பார்கள்.

நூலக்கா முன் அச்சின் நடுவில் நூலைக் கட்டிப் பின் அச்சின் நடுவரை இழுத்தாள். பிறகு அந்த நீளத்தை இரண்டாக மடித்து, பின் அச்சிலிருந்து வெளிப்புறமாகப் பிடித்தாள். மடித்த நூல் முடிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். பின் அச்சைத் தாண்டித் தொங்கும் பகுதியைப் பட்டறையில் வால் என்பார்கள். வால் அந்தக் கோட்டுக்குள் முடிய வேண்டும் என்பது அவள் வேலைக்கு வருமுன்பே அங்கு நிலவிய விதி.

ஆனால் நீளச் சேசிஸ் வாங்குவதை முதலாளி நிறுத்திவிட்டிருந்தார். நகருக்குள் பொட்டலம் சுமக்கச் செய்த குட்டைச் சேசிஸ் மலிவாகவும் உடனேயும் கிடைத்தது. சேசிஸ் குறுகியதேயன்றி வாங்குவோர் ஆசை குறுகவில்லை. அதே அகலக் கட்டில், அதே குளியலறை, அதுவும் பின்கோடியில். ஆகவே உத்திரங்களுக்குப் பின்னால் இரும்பைப் பற்றவைத்து ஒட்டி ஒட்டி வாலை நீட்டினார்கள். அவள் கிழிக்கும் கோடு இப்போதெல்லாம் குளியலறையின் நடுவில் நின்றது. கிழிப்பதை மட்டும் அவள் விடவில்லை.

கட்டிய வண்டிகளை வாங்கியவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவள் தம்பி. முதல் குட்டை வண்டியை ஓட்டிச் சேர்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பியவன் வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஸ்டியரிங் கையில இருக்குக்கா, ஆனா சக்கரம் கையில இல்ல. பின்னால கனம், முன்னால பஞ்சு. ஒரு லாரி தாண்டிப் போனா அந்தக் காத்துல வால் ஒரு பக்கம் போகுது, மூக்கு இன்னொரு பக்கம் போகுது."

தச்சர் இழைப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "பக்கத்துல ஒரு கனமான பொண்ணா உக்கார வை மாப்ள. முன்பக்கம் தானா அமுங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் எல்லாருக்கும் ஒரே எண்ணம் தோன்றியது. வெட்டி மிஞ்சிய இரும்புத் துண்டுகளைச் சாக்கில் நிரப்பி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியில் இறக்கினார்கள். வண்டி ஓரளவு சொன்னபடி கேட்டது. அதன்பின் ஒவ்வொரு வண்டியோடும் மூட்டை போயிற்று. வண்டியைக் கொடுத்துவிட்டுத் தம்பி அதைத் தோளில் சுமந்து பஸ்ஸில் திரும்பினான். அந்த மூட்டைக்குப் பொண்ணு என்றே பெயர் விழுந்தது. "பொண்ணுக்கு டிக்கெட் கேட்டானாடா கண்டக்டர்?" என்று தச்சர் தவறாமல் விசாரிப்பார்.

வாங்கியவர் மூட்டையில்லாமல்தானே ஓட்டுவார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வேலை நிற்கும். தம்பி பிழைத்து வந்தால் போதும் என்றிருந்தார்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு மழைநாளில் முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி ஊர் சேர்ந்ததும் வாங்கியவருக்குக் குளியலறையில் தண்ணீர் கொட்டிக் காட்டவேண்டும் என்று, வாலுக்கு மேலிருந்த தொட்டியை நிரப்பச் சொல்லியிருந்தார். தம்பி மூட்டையோடு ஓட்டுநர் அறைப் பக்கம் வந்தான்.

"என்னய்யா அது?"

"வெட்டுத் துண்டுங்க முதலாளி. முன்பக்கம் கொஞ்சம் கனம் வேணும், அதான்."

"கனம் எனக்கும் தெரியும், பழைய இரும்புக் கடைக்காரனுக்கும் தெரியும். எத்தனை நாளா நடக்குது?"

"திரும்பி வரும்போது பஸ்ல கொண்டு வந்திடுவேங்க."

"திருடின இரும்பைப் பஸ்ல திருப்பிக் கொண்டு வர்றவனை இன்னைக்குத்தான் பாக்குறேன். இறக்கு கீழ."

முதலாளி சிரித்தார், அவர் சிரித்ததால் இரண்டொருவரும் சிரித்தார்கள். அடுத்த வண்டியின் அருகில் பற்றவைக்கும்போது அணியும் முகமூடியைத் தூக்கி வைத்தபடி நின்றிருந்த அக்காளை நோக்கித் தம்பி திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூட்டை ஏன் என்ற கேள்வி வரும். அதன்பின் வால் வரும். வாலுக்குப் பின்னால் எல்லாருடைய வேலையும் வரும். அவள் முகமூடியை இறக்கிக்கொண்டு இரும்பில் பொறி பறக்கவிட்டாள். மூட்டை வாசலோரத்தில் மழையில் கிடக்க, வண்டி புறப்பட்டுப் போயிற்று.

ஈரச் சாலையின் வளைவொன்றில் அது திரும்பாமல் நேரே போய்ப் பாலத்துச் சுவரில் மோதிற்று.

மருத்துவமனையில் தம்பியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. அவன் அதைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்ணு எங்கக்கா?"

"வாசல்லயே கிடக்கு."

"மழையில துருப் பிடிச்சிடும்."

நூலக்கா அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

"திருப்பினேன்கா. முழுசாத் திருப்பினேன். சக்கரமும் திரும்புச்சு, நான் உணர்ந்தேன். வண்டிதான் திரும்பல. தரையில கால் ஊனாதவன் எப்படித் திரும்புவான்?" என்றவன், சொன்ன சொல்லைத் தானே கேட்டவன்போல வாயை மூடிக்கொண்டான்.

முதலாளி பழக்கூடை அனுப்பியிருந்தார். வேகமாக ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்றும், ஏற்கெனவே இரும்பு திருடிப் பிடிபட்டவன் என்றும் விசாரிக்க வந்த காவலரிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். இழப்பீடு கேட்டுப் போன உறவினரை வாசற்காவலாளி உள்ளேயே விடவில்லை.

இத்தனையும் நடந்து முடிந்தபின் வந்த காலைதான் அவள் மீண்டும் வண்டியடியில் கிடந்த இந்தக் காலை. மேலே உத்திரங்களோடு ஒட்டுவதற்கான நீள இரும்புகள் தயாராக வைக்கப்பட்டிருந்தன. அவள் வெளியே வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார். அவரோடு, வண்டிகளின் அளவு போட்டு வரைந்து கொடுக்கும் வரைபடக்காரரும் வந்தார். முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உடைஞ்ச வண்டியோட நஷ்டம் உங்களுக்கே தெரியும். அது தீர்ற வரைக்கும் எல்லாருக்கும் அரைக் கூலி. கட்டி முடிஞ்சதும் இந்த வண்டியைப் பெயிண்டர் கொண்டு போய்ச் சேர்ப்பாரு. லைசென்ஸ் வச்சிருக்காரில்ல." சாவியை எடுத்துப் பெயிண்டரின் கையில் வைத்தார். அண்மையில் தகப்பனான அவர் அதை மறுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"இன்னொண்ணு. அந்த மூட்டை யோசனை. விசாரிச்சுப் பார்த்தேன், நல்ல யோசனைதான். முன்னமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? இனிமே எல்லா வண்டியிலயும் முன் சீட்டுக்கு அடியில ஒரு இரும்புப் பாளத்தை வச்சு மூடி ஒட்டிடுங்க. வாங்குறவங்க கண்ணுல பட வேண்டாம்."

வரைபடக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சார், மொத்த பாரம் டயர் தாங்குற அளவைத் தாண்டிடும். பிரேக்கும் பிடிக்காது. ஏற்கெனவே எல்லையிலதான் இருக்குன்னு போன மாசமே காட்டினேன்."

"காட்டினீங்க. நானும் பார்த்தேன். வரைஞ்சு கொடுங்க."

அவர் தம் காலணியைப் பார்த்தார். அவருக்கும் வீட்டுக் கடன் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும்.

நூலக்காவுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தாற்போலிருந்தது. ஒருவன் பிழைத்து வரட்டும் என்று தாங்கள் மறைவாகச் செய்தது, பலர் சாவதற்கான முறையாக இப்போது பட்டறைக்குள் நுழைகிறது. யாரும் கேளாமலே அதை அவர்களே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"அது உங்களுக்காகச் செய்யலைங்க," என்றாள். "எந்தம்பி உயிரோட திரும்பணும்னு செஞ்சோம்."

"நானும் அதுக்குத்தானம்மா சொல்றேன்."

"நீளச் சேசிஸ் வாங்குங்க."

"வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உங்க வீட்டு அடுப்பை நானா எரிக்கிறது?"

"அப்ப வண்டியைக் குட்டையாக் கட்டலாம்."

"குளியலறையை எங்க வைக்கிறது, உன் தலையிலயா? இதோ பாரும்மா. வாங்க வர்றவன் மெத்தையில படுத்துப் பாக்கறான். வண்டிக்கு அடியில எவன் படுத்துப் பாக்கறான்?"

"நான் படுக்கறேங்க."

எவரும் சிரிக்கவில்லை. முதலாளி ஒருகணம் அவளை உற்று நோக்கினார். பின்பு வாசலைக் கையால் காட்டினார். இரும்புக் கம்பிகளுக்கு அப்பால் வழக்கம்போல வேலை தேடி வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"பிடிக்காதவங்க போகலாம். ஆளுக்கா பஞ்சம்?"

அவர் போனபின்னும் ஒருவரும் நகரவில்லை. தச்சர்தாம் முதலில் பேசினார். அவர் குரலில் கேலி இல்லாததே விந்தையாக இருந்தது.

"நாம ஒட்டலேன்னா அந்த வரிசையிலேருந்து ஒருத்தன் வந்து ஒட்டுவான் அக்கா."

"ஒட்டுவான்."

"அப்ப நாம நின்னு என்ன ஆகப்போகுது?"

"தெரியல."

"தெரியாம எப்படி நிக்கறது?"

"தெரிஞ்சுதான் இத்தனை நாள் ஒட்டினோம்," என்றாள் அவள். பிறகு மெல்லிய குரலில் தொடர்ந்தாள். "அன்னைக்கு அவன் என்னைத் திரும்பிப் பாத்தான். நான் முகமூடியை இறக்கிக்கிட்டேன். அதுக்கப்புறம் என் கண்ணுல நேராத் தெரியறது அது ஒண்ணுதான்."

அவள் வாசலோரம் போய்ச் சாக்கைப் பற்றி இழுத்தாள். துருநீர் தரையில் செங்கோடு போட்டுக்கொண்டே வந்தது. கனம் தாங்காமல் அவள் இருமுறை நின்றாள். மூன்றாம் முறை தச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அதைக் கழிவிரும்புக் குவியலில் கவிழ்த்தார்கள். துண்டுகள் கலகலவெனச் சரிந்து மற்றவற்றோடு கலந்தன.

"பொண்ணை அனுப்பி வச்சாச்சு," என்றார் தச்சர். சொல்லிவிட்டு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து அவள் அந்த வெறும் சேசிஸின்மேல் உட்கார்ந்தாள். தச்சர் பக்கத்தில் அமர்ந்தார். ஒட்டுபவர் மூவரும் ஒவ்வொருவராக இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்தனர். கடைசி மூலையில் இருவர் மட்டும் முதுகு காட்டியபடி வேலையைத் தொடர்ந்தார்கள்; அவர்களை எவரும் கூப்பிடவில்லை, ஏசவும் இல்லை. பெயிண்டர் வெகுநேரம் நின்றார். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. கைக்குள் இறுக்கியபடியே வந்து உத்திரத்தின் கோடியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கனத்தால் முன்பக்கம் சற்றே எழும்பிற்று. நூலக்கா அதைக் கவனித்து, அவரைக் கையைப் பிடித்து உள்ளே தள்ளி உட்காரச் செய்தாள்.

வாசற்கம்பிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. காவலாளி வெளியே நின்றவர்களில் சிலரை உள்ளே அழைத்தார். உள்ளே வந்தவர்கள் சேசிஸின்மேல் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு, மேலே வருவதா திரும்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுடைய சட்டைகளும் இவர்களுடையவை போலவே கிழிந்திருந்தன. தச்சர் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டார். எவரும் இன்னும் உட்காரவில்லை.

அலுவலறையிலிருந்து வரைபடக்காரர் வந்தார். நேரே பார்க்க இயலாமல், "அக்கா, முதலாளி கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?" என்றார்.

நூலக்கா மடித்த நூலைப் பிரித்து, இடக்கை விரல்களில் மெதுவாகச் சுற்றி முடித்தாள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நான் ஒட்ட மாட்டேன்னு சொல்லுங்க."