மேடத்துக்குத் தெரியக் கூடாது

அண்ணனுக்குக் கடைசியாகப் போட்டுவிட ஒரு நல்ல சட்டை வேண்டுமென்று அவள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். அடியில் கிடந்த நீலச் சட்டையை உருவியபோது அதனோடு ஒரு மருத்துவமனை அட்டையும் வந்து விழுந்தது. அண்ணனுடையதுதான். இதயத்தைச் சோதித்த தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. கனமான எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த அறையில் சுவரில் சாய்ந்து கிடந்த அண்ணியிடம் போனாள்.

“என்ன அண்ணி இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

அண்ணி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “உன்கிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“ஏன்?”

“வீட்டுல தங்கச்சிகிட்ட சொன்னா, காலையில மேடத்துக்குத் தெரிஞ்சுடுமேன்னாரு.”

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவள்தான் அந்த மேடம். அவள் மேலாளராக வருவதற்கு முன்பிருந்தே அண்ணன் அங்கே வண்டி தள்ளினார். ஈரத் துணியை அள்ளிப் போட்டு, துவைக்கும் இயந்திரத்திலிருந்து உலர்த்தும் இயந்திரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேலாளரின் அண்ணன் என்று சலுகை காட்டுவதாக யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதில் அவள் முதல் நாளிலேயே குறியாக இருந்தாள். மற்றவர்கள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் ஒரு முறைப்பு. அண்ணன் வந்தால் எழுத்தில் எச்சரிக்கை. மூன்று வாரம் முன்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, எல்லார் முன்னாலும், “உட்கார்றதுக்கு இது வீடில்ல” என்றாள். “சரிங்க மேடம்” என்று அவர் எழுந்துகொண்டார். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இப்போது கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை கண்ணாடி அறையிலிருந்து பார்த்தபோது உலர்த்தும் இயந்திரத்தருகே ஆட்கள் கூடி நின்றார்கள். விறுவிறுவென்று இறங்கிப்போய், “என்ன கூட்டம்? வேலையைப் பாருங்க” என்று அதட்டினாள். அவர்கள் விலகினார்கள். தரையில் அண்ணன் கிடந்தார். அவர் காதில் கடைசியாக விழுந்தது அந்தக் குரல்தானோ என்று அவளால் யாரிடமும் கேட்க முடியவில்லை.

சலவைக்கூடத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். துணி மடிக்கும் மேசைக்காரி, அண்ணன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு வாசல் பக்கம் ஒதுங்கினாள். தங்கை அவள் பின்னால் போய் அட்டையை நீட்டினாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

மேசைக்காரி தயங்கினாள். “தெரியும் மேடம்.”

“எத்தனை பேருக்கு?”

“எல்லாருக்கும்.”

“அப்ப வண்டிய யார் தள்ளினது?”

“ஆளுக்கொரு நாள்னு முறை வச்சுக்கிட்டோம். நீங்க கீழ வரப்போ மட்டும் அவரு கைப்பிடியப் பிடிச்சுக்குவாரு. அவருக்காக ஓடி ஓடி செஞ்சதுல எங்க வேலையும் சேர்ந்து ஓடிடுச்சு.”

போன மாதம் மற்ற எல்லாக் கிளைகளையும் முந்தியது இந்தக் கூடம்தான். எப்படிச் சாதித்தீர்கள் என்று தலைமை அலுவலகக் கூட்டத்தில் கேட்டபோது, “கண்டிப்பு இருந்தா போதும் சார்” என்று அவள் சொன்னாள். கைதட்டினார்கள். அதை அன்று மாலையே அண்ணனிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். “பின்ன? என் தங்கச்சியாச்சே” என்று அவர் சிரித்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உட்கார்ந்து செய்யற வேலையாப் பார்த்துக் குடுத்திருப்பேனே.”

மேசைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “போன வருஷம் இஸ்திரி போடற அக்கா, விரிப்பு கருகிடுச்சுன்னு தானா வந்து சொன்னாங்க. ஒரு வாரம் வேலைக்கு வராதேன்னுட்டீங்க. அதுக்கப்புறம் யாரும் எதையும் சொல்றதில்ல மேடம்.”

அவள் அட்டையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் எல்லாம் முடிந்து மயானத்திலிருந்து திரும்பினார்கள். கூடத்து ஆட்கள் அண்ணியைத் தனியே விட மனமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அவள் அடுக்களையில் எல்லாருக்கும் தேநீர் போட்டுத் தட்டில் எடுத்து வந்தாள். உள்ளே யாரோ அண்ணனைப் போலவே குரலை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“‘என் தங்கச்சி பொறக்கும்போதே மணி பார்த்துட்டுத்தான் வெளிய வந்தா’ன்னு சொல்லுவாரு. அப்புறம் உடனே, ‘பாவம், அவளுக்கு மேல இருக்கறவங்க அவளப் போட்டுப் பிழியறாங்க, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க’ம்பாரு.”

அண்ணி அழுகையோடு சிரிப்பது கேட்டது. மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“உட்காருங்க” என்றாள். யாரும் உட்காரவில்லை.

தட்டை வாசலருகே இருந்த முக்காலியில் வைத்துவிட்டு நடைக்குத் திரும்பி, அவர்கள் கண்ணில் படாதபடி சுவரோரம் நின்றாள். வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. யாரோ தாழ்ந்த குரலில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவள் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.