வலி தொடங்கும் கோணம்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, படையின் பாலம் கட்டும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவருக்கு, அவருடைய ஊன ஓய்வூதிய விண்ணப்பத்தின் மீதான ஆணை பதிவுத் தபாலில் வந்தது. அன்று அவருக்கு வார விடுமுறை. சமையலறையில் இருந்தவர், குழாயை முழங்கையால் தள்ளி மூடிவிட்டு வந்து, இடக்கையால் கையெழுத்திட்டு உறையை வாங்கினார். அதன் ஓரத்தைப் பற்களால் கிழித்தார். அவருடைய வலது மணிக்கட்டு ஏறத்தாழ இயல்பான நிலையில் இருப்பதாக உள்ளே இருந்த தாள் தெரிவித்தது.

மணிக்கட்டு அறுபத்தைந்து பாகை வளைகிறது. பிடியின் வலிமை முப்பத்தெட்டுக் கிலோ. ஆகவே ஊனத்தின் அளவு ஐந்து விழுக்காடு. இருபது விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஊன ஓய்வூதியம் கிடையாது. படை மருத்துவமனையில் மணிக்கட்டுக்கு அறுவைச் சிகிச்சையும் கிடையாது. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம். அதற்குப் பின் கோப்பு நிரந்தரமாக மூடப்படும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம் ஒன்றைப் பூட்டியபோது, நழுவிய விட்டம் அந்த மணிக்கட்டை நசுக்கியது. எலும்பு கூடியது, வலி தங்கிவிட்டது. இப்போது அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வாயிற்காவலர். தடுப்புக் கட்டையை நாளொன்றுக்கு நூறு முறையாவது தூக்கி இறக்க வேண்டும். நண்பகலுக்குள் விரல்கள் மரத்துவிடும். "கைக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்" என்று மேற்பார்வையாளர் இருமுறை சொல்லிவிட்டார்.

அவர் மனைவி முன்னறையில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தாள். தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"அறுபத்தஞ்சு டிகிரியா? யாரோட கைங்க இது?"

"என் கைதான். பேரு, நம்பர் எல்லாம் போட்டிருக்கே."

"தினம் உங்க சட்டைக்குப் பட்டன் போட்டு விடறவ நான். பூட்டுல சாவியைத் திருப்ப முடியாம வாசல்லயே நிக்கறீங்க. அந்த டெஸ்ட் ரூமுக்குள்ள மட்டும் முப்பத்தெட்டுக் கிலோ எங்கேருந்து வந்துச்சு?"

"மிஷின் தப்பாக் காட்டியிருக்கும்."

அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாகப் பெண்களுக்கு உடை தைப்பவள் அவள். அளவு நாடா இடுப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்பவர்களை நன்கு அறிந்தவள். அவர்களுடைய உடை, நிற்கும்போது அழகாக இருக்கும். உட்கார்ந்தால் தையல் விட்டுப்போகும்.

"ஏங்க, அளக்கும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டீங்களா?"

"கையை அளக்கறதுக்கு மூச்சு எதுக்கு?"

"சரி, கிளம்புங்க. ஃபைல் அண்ணன்கிட்டப் போவோம்."

ஃபைல் அண்ணன் என்பவர் முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளர். இயற்பெயர் என்ன என்பது அவருடைய நாற்காலிக்குக்கூட மறந்திருக்கும். ஆண்டு வாரியாக நாடாவால் கட்டப்பட்ட கோப்புகள் சங்க அறையின் இரும்பு அலமாரி நிறைய இருந்தன. ஆணையைப் படித்த அவர் கோபப்படவில்லை. துப்புக் கிடைத்தவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஆணையைப் பத்தி அப்புறம் பேசலாம். டெஸ்ட் அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுலேருந்து சொல்லு."

"எந்திரிச்சேன். குளிச்சேன். போனேன்."

"கைக்கு ஏதாவது பண்ணினியா?"

"வெந்நீர்ல வெச்சேன்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"வெறும் வெந்நீரா?"

"வெறும் வெந்நீர் எதுக்கு ஆகும்? உப்புப் போட்டு."

மனைவி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாத்திரை?"

"ஒன்னு."

"ஒன்னா?" என்றாள் மனைவி.

"ரெண்டு."

"அதுக்கு முன்னாடி?" என்றார் ஃபைல் அண்ணன்.

"ஒரு வாரமா ரப்பர் பந்தை அமுக்கிப் பழகினேன். முதல் நாள் பத்துத் தடவை. கடைசி நாள் அம்பது."

ஃபைல் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எதுக்குப்பா?"

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? மெடிக்கல்னா பாஸ் பண்ண வேணாமா?"

ஃபைல் அண்ணன் தோள்கள் குலுங்கச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"கை போச்சுன்னு சொல்ல வேண்டிய இடத்துல, கை கெட்டியா இருக்குன்னு நிரூபிச்சுட்டு வந்திருக்கார் உன் வீட்டுக்காரர். எனக்கு இது ஏழாவது கேஸ், தங்கச்சி."

இதில் வியப்புக்கு இடமில்லை. ஆண்டுதோறும் நடந்த மருத்துவப் பரிசோதனையில் தேறாதவன் தன் பிரிவை விட்டு விலக்கப்படுவான் என்னும் அச்சத்திலேயே அவர் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவர். 'வலிக்கிறதா?' என்னும் வினாவுக்கு அங்கே ஒரே விடைதான் உண்டு. சீருடையைத் திருப்பிக் கொடுத்தவர் அந்த விடையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

ஃபைல் அண்ணன் மருத்துவ அறிக்கையைப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒரு கட்டத்தின்மேல் விரலை வைத்தார். 'வலி தொடங்கும் கோணம்' என்று அச்சிட்டிருந்த அந்தக் கட்டத்தில் எண்ணும் இல்லை, கோடும் இல்லை.

"இதைக் கேட்டு எழுதறது டாக்டரோட வேலை. கேக்காதது அவங்க தப்பு. மறைச்சது உன் தப்பு. ரெண்டையும் எழுதித்தான் அப்பீல் போடப்போறேன்."

"என் தப்பை எதுக்குண்ணே எழுதணும்?"

"இல்லாத பலத்தைக் காட்டினது பொய். நாளைக்கு அங்க போய், இல்லாத வலியைக் காட்டினா அதுவும் பொய்தான். அப்படி ஏதாவது நடிச்சேன்னா நானே உனக்கு எதிரா சாட்சி சொல்வேன்."

அன்று முதல் மனைவி ஒன்பது நாள் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினாள். முடியாதவற்றை நேரத்தோடு குறித்தாள், முடிந்தவற்றையும் விடவில்லை. 'ஞாயிறு, மாலை நான்கு மணி: குடையை விரித்தார். வலிக்கவில்லை என்றார். நான் நம்பவில்லை' என்பது அதில் ஒரு பதிவு. நோட்டுப் புத்தகத்துடன் மேல்முறையீடு உரிய நாளுக்குள் சேர்ந்தது.

ஜூன் மாதம் இருபதாம் நாள் மேல்முறையீட்டுக் குழுவின் விசாரணை. நீண்ட மேசையின் பின்னே மூவர் அமர்ந்திருந்தனர்: நடுவில் படையில் பொறியியல் அதிகாரியாக இருந்த தலைவர், அவருக்கு வலப்புறம் எலும்பு மருத்துவரான அம்மையார், இடப்புறம் ஒரு வழக்கறிஞர். தலைவரைக் கண்டதும் நம்மவரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"நல்லா இருக்கு, சார்."

பின்வரிசையில் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். ஃபைல் அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

மருத்துவர் கோணமானியை மணிக்கட்டில் பொருத்தி, மெல்ல வளைக்கச் சொன்னார். இருபது, முப்பது, நாற்பது. நெற்றியில் வியர்வை அரும்பியது. உதடுகள் இறுகின. மணிக்கட்டு நிற்காமல் வளைந்துகொண்டே இருந்தது.

"போதும். வலி எங்க ஆரம்பிச்சுது?"

அவர் இடக்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"வலிக்கவே இல்லையா?"

அவர் மருத்துவரைப் பார்க்கவில்லை. அனுமதி கேட்பவரைப்போலத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கோப்பில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"பாலத்து முனையில எடைப் பலகை வைக்கிற பொறுப்பு உங்ககிட்ட இருந்துதா?"

"ஆமா, சார். ஆறு வருஷம்."

"இருபது டன்னுன்னு எழுதினா, அது பாலம் உடையற எடையா?"

"இல்லை, சார். பத்திரமாத் தாங்கற எடை. உடையற எடை அதைவிட ரொம்ப ஜாஸ்தி."

"அதை ஏன் எழுதறதில்ல?"

"எழுதினா அதை நம்பி வண்டியை ஏத்திடுவாங்க, சார். ஆள் போயிடும்."

"சரி. உங்க கைக்கு எந்த எடையை எழுதிக் குடுத்தீங்க?"

அவர் தம் வலக்கையை, அதை முன்பின் கண்டிராதவரைப்போலச் சற்று நேரம் பார்த்தார்.

"உடையற எடையைத்தான், சார்" என்றார். பிறகு மருத்துவர் பக்கம் திரும்பினார். "முப்பதுல ஆரம்பிச்சுது, டாக்டரம்மா. நாப்பதுல தாங்க முடியல. போன தடவை மாத்திரை போட்டுட்டு வந்தேன். கையை வெந்நீர்ல வெச்சு, பழக்கி, பாஸ் பண்ணணும்னு வந்தேன்."

"அன்னைக்கே வலியைச் சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

பிடியின் வலிமையை மும்முறை அளந்தார்கள். முதல் முறை முப்பத்தொன்று, அடுத்து இருபத்திரண்டு, அடுத்துப் பதினான்கு. கருவியை அவரே மேசைமேல் வைத்தார். "இதுக்கு மேல முடியாது, சார்" என்றார். பணியில் இருந்த காலம் முழுவதும் அவர் சொல்லியறியாத வாக்கியம் அது.

தலைவர் பேனாவை மூடினார். "வலியைத் தாங்கறது உங்க பழக்கம், அதுல குத்தம் இல்ல. ஆனா அளக்கறவங்ககிட்ட அதை மறைச்சா அது தைரியம் இல்ல, தப்பான தகவல். வீட்டுல இருக்கறவங்கதான் அதோட பாரத்தைச் சுமக்கறாங்க. அதே மாதிரி, வலிக்குதான்னு கேக்காமலே அளந்துட்டு எழுதறது பரிசோதனையும் இல்ல. கேக்க வேண்டியவங்க கேக்கணும். சொல்ல வேண்டியவங்க கூட்டாம குறைக்காம, உள்ளதை உள்ளபடி சொல்லணும்."

ஜூலை மாதம் எட்டாம் நாள் ஆணை வெளியாயிற்று. மேல்முறையீடு ஒரு பகுதி மட்டும் ஏற்கப்பட்டது. வலது மணிக்கட்டின் ஊனம் இருபத்தைந்து விழுக்காடு என மாற்றப்பட்டது. ஓய்வூதியம் முதல் விண்ணப்ப நாளிலிருந்து வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டது. முதல் அளவீடு பிழையானதற்கு மனுதாரரும் ஒரு காரணம் என்பதால், மேல்முறையீட்டு நாளிலிருந்தே அது வழங்கப்படும். அறுவைச் சிகிச்சைக்கான காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. சிகிச்சைக்கு ஓராண்டு கழித்துக் கை மீண்டும் அளக்கப்படும். வலி தொடங்கும் கோணம் குறிக்கப்படாத எந்த அறிக்கையும் இனி ஏற்கப்படாமல், பரிசோதித்த மருத்துவருக்கே திருப்பி அனுப்பப்படும்.