கஃபீன் தின்னும் கூட்டம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் எமிலியானுஸின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால், பதினைந்து வருடமாகத் தேயிலைச் சக்கை கொட்டிக் கொட்டி மண்ணே கறுத்துவிட்டது. நுண்ணுயிரியல் படிக்கும் பக்கத்து ஊர் இறுப்பிட்டிப் பெண் பவதாரணி அதில் ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் தான் படிக்கும் ஆய்வுகூடத்துக்கு பஸ் ஏறினாள்.

தேயிலையிலுள்ள கஃபீன் பல கிருமிகளுக்கு நஞ்சு. அதிலேயே ஊறிய மண்ணில் அதைத் தின்னப் பழகிய ஒன்றாவது இருக்காதா என்பது அவள் எண்ணம். கஃபீனைத் தவிர வேறு உணவில்லாத உப்புக் கரைசலில் மண்ணைச் சிறிது போட்டாள். நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் குடுவை கலங்கியிருந்தது.

"வளந்திட்டுது!" என்று கத்தினாள்.

கூடப் படிக்கும் மிரோஜன் குடுவையைத் தூக்கிப் பார்த்தான். "மண்ணிலை கிடந்த வேறை சாப்பாட்டைத் திண்டு வளந்திருக்கும். அவசரப்படாதையும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலங்கலில் ஒரு துளியைப் புதுக் கரைசலுக்கு மாற்றினாள். அதிலிருந்து இன்னொன்றுக்கு, பிறகு இன்னொன்றுக்கு. மண் இல்லாமலே போன பிறகும் மூன்றும் கலங்கின. ஒப்பிட்டுப் பார்க்கக் கிருமி விடாமல் வைத்த குடுவை மட்டும் தெளிந்தே நின்றது.

கரைசலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரு மேடாக வரைந்து காட்டும் கருவியில் இருவரும் அதை வைத்தார்கள். திரையில் கஃபீனுக்குரிய மேடு பாதியாய்ச் சரிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் முந்தி இல்லாத ஒரு சின்ன மேடு.

பவதாரணி திரையை நோக்கிக் குனிந்தாள். கஃபீனில் மெதைல் கூட்டங்கள் என்ற சிறு அணுத்தொகுதிகள் மூன்று ஒட்டியிருக்கின்றன. பற்றீரியாவின் நொதியங்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும்; மிஞ்சுவதை அது உணவாக்கிக்கொள்ளும். முதலாவது கழன்றால் வருவது தியோபுரோமின்.

"மிரோஜன், இது தியோபுரோமின் வாற இடம்தானே?"

அவன் அட்டவணையை இரண்டு தரம் பார்த்தான். "ஓம்! அதேதான்! மெதைலைக் கழட்டுது, பவா, கழட்டுது!"

அவள் உடனே எமிலியானுஸுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்கட சக்கைக் குவியலை ஒருத்தரையும் அள்ள விடாதையுங்கோ!"

"ஏன் பிள்ளை, சுகாதாரக்காரர் வரப்போயினமே?"

"இல்லை அண்ணை! அதுக்குள்ளை இருக்கிற பற்றீரியா கஃபீனைத் திண்டு சீவிக்குது!"

"அப்ப அதுகளுக்கு நித்திரையே வராதே?"

சிரித்ததில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எந்தப் பற்றீரியா இந்த வேலையைச் செய்கிறது என்று இனித்தான் பிரித்துப் பார்க்கவேண்டும். கையுறையை மாட்டிக்கொண்டு கிருமி வளர்க்கும் புதுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.