எதிர்க் கட்டடத்தின் நிழல்

அலுவலகத்தில் அவளுக்கு முக்கோணம் என்று பெயர். வைத்தவன் அங்கே மூத்த புரோகிராமரான கண்ணாடிக்காரன். வாடிக்கையாளர்களின் புகாரைத் தொலைபேசியில் கேட்கத்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள். பிரவுசரில் படம் வரையும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று அவளாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். திரையில் தெரியும் எந்த உருவமானாலும், வீடோ நாற்காலியோ மனுஷ மூக்கோ, கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன முக்கோணங்கள்தான். அதனால் முதலில் ஒரே ஒரு முக்கோணம் வரைந்து காட்டுங்கள் என்றான் கண்ணாடிக்காரன். அதற்கே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வேறு வேலையில் தப்புச் செய்தால் யாராவது திட்டுவார்கள். திட்டினால் எங்கே தப்பு என்றாவது தெரியும். இந்த வேலையில் திரை கறுப்பாக நிற்கும், அவ்வளவுதான். முக்கோணத்தின் மூன்று முனைகளையும் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால், இது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று பிரவுசரே முடிவு செய்து, வரையாமல் விட்டுவிடும். ஏன் வரையவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாது. அப்படி ஒரு கல்லுளிமங்கன்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க முக்கோணம்,” என்றான் கண்ணாடிக்காரன். “திரை இருட்டா இருந்தா தப்பு உங்க மேலதான். எப்பவும்.”

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனாலும் அதே புலம்பல்தான். அக்கா வீட்டில்தான் அவள் இருந்தாள். தரைத்தளத்தில் ஒரு பழைய வீடு. நடுப்பகலில்கூட விளக்குப் போட்டால்தான் அரிசியில் கல் பார்க்க முடியும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கும். சுவரில் பச்சையாகப் பூஞ்சணம். அக்காவின் பெண்குழந்தைக்கு இழுப்பு. வெயில் வருகிற வீடாகப் பார்த்துப் போங்கள் என்று மருத்துவர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். அக்காவும் அத்தானும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தது அந்த வெயிலுக்காகத்தான்.

இந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் அவளுக்கு முதல் உருப்படியான வேலை வந்தது. ஒரு கட்டுமானக் கம்பெனி எதிரெதிரே இரண்டு அடுக்குமாடிகள் கட்டப் போகிறது. இடத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு பள்ளங்களும் ஒரு தகரக் கொட்டகையும்தான். ஆகவே வாங்க வருகிறவர்கள் பிரவுசரில் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும். அறை, ஜன்னல், பால்கனி எல்லாம் இருக்க வேண்டும். கீழே ஒரு பட்டை. அதை இழுத்தால் சூரியன் காலையிலிருந்து மாலை வரை நகர வேண்டும். செய்தி தெரிந்ததும் அக்கா ஆசைப்பட்டுவிட்டாள். “நீயே போடுற வீடு, நாமே வாங்கினா என்ன?” என்றாள். இரண்டாம் மாடியில் கிழக்குப் பார்த்த வீடு ஒன்றில் மனசுக்குள் குடியேறியே விட்டாள்.

முக்கோணம் கட்டடக்காரர்கள் கொடுத்த வரைபடத்தை அடி பிசகாமல் வைத்து இரண்டு கட்டடங்களையும் எழுப்பினாள். அக்கா ஆசைப்பட்ட வீட்டைத் திறந்தாள். கூடம் இருட்டு.

கும்மிருட்டு இல்லை. விளக்குப் போட்டால்தான் ஆகும் என்கிற இருட்டு. பட்டையைக் காலைக்கு இழுத்தாள், உச்சிக்கு இழுத்தாள், மாலைக்கு இழுத்தாள். ஒரு விரற்கடை வெயில்கூடத் தரையில் விழவில்லை. தப்பு என் மேல்தான் என்று தேடத் தொடங்கினாள். சுவரின் முகம் உள்ளே வெளியே மாறிவிட்டதா? வெயில் வரும் திசையில் கூட்டலுக்குக் கழித்தல் போட்டுவிட்டேனா? ஜன்னல் கண்ணாடியைச் சுவர் மாதிரி எழுதிவிட்டேனா? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள், ஒன்றிலும் குற்றம் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அக்கா வீட்டில் உட்கார்ந்து, “என்னால ஒரு கூடத்துக்கு வெளிச்சம் கொண்டுவர முடியல, நான் லாயக்கில்ல,” என்று மூக்கைச் சிந்தினாள். அத்தான் பாவம், “முதல்ல எல்லாருக்கும் அப்படித்தாம்மா,” என்று தேற்றினார்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கண்ணாடிக்காரனிடம் காட்டினாள். அவன் ஒரு பார்வை பார்த்தான். சிரித்தான்.

“இதுக்கா இத்தனை நாள் மண்டைய உடைச்சிக்கிட்டீங்க? உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல. எதிர்க் கட்டடம் மறைக்குது. இடைவெளி கம்மி, உயரம் ஜாஸ்தி. நிழல் விழத்தானே செய்யும்?”

சொல்லிக்கொண்டே ஒரு வரியை மாற்றினான். எதிர்க் கட்டடம் நிழல் போடாது என்று ஒரே வரி. கூடத்தில் தகதகவென்று வெயில் பாய்ந்தது. கட்டடம் அதே இடத்தில், ஜன்னலுக்கு நேரே, மலை மாதிரி நிற்கிறது. வெயில் மட்டும் அதன் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் பூசணிக்காயை மறைக்கக்கூட இல்லை.

முதலில் அவளுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. தன் மேல் தப்பில்லை. அந்த நிம்மதி அடங்கிய பிறகுதான் உறைத்தது.

“அப்ப நிஜ வீட்டுல வெயில் வராதா?”

“வராது.”

“வாங்குறவங்க இதைப் பார்த்துத்தானே வாங்குவாங்க?”

“கட்டடக்காரங்க கேட்டது இதுதாங்க. கீழ பொடி எழுத்துல ‘மாதிரிப் படம்’னு போட்டாச்சு. சட்டப்படி சரி.”

“எங்க அக்கா வாங்கப் போற வீடுங்க அது!”

“அப்படின்னா அக்காகிட்ட மட்டும் சொல்லிடுங்க,” என்றான் சாவதானமாக. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெயில் வராது என்பதை வேண்டியவர்களுக்கு மட்டும் காதில் ஓதுவதாம்! மற்ற வீட்டுக் குழந்தைகளெல்லாம் இழுத்துக்கொண்டு கிடக்கலாமாம்!

அன்றைக்கே அக்காவிடம் சொன்னாள். அங்கேதான் விதி விளையாடியது. அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்து வரைக்கும் உன் தப்புன்னு அழுதே. இன்னிக்குக் கட்டடத்து மேல தப்புங்கிற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“இல்ல அத்தான், நிஜமாவே நிழல்...”

“கம்பெனிப் படத்துல ஜம்முனு வெயில் இருக்கு. அனுபவப்பட்ட ஆளு சரி பண்ணிருக்கான். நீ இப்பத்தானே கத்துக்கறே, விடு.”

அக்காவும், “உனக்குப் பொறாமைன்னு நான் சொல்லல,” என்று தொடங்கியபோது முக்கோணம் எழுந்து போய்விட்டாள். உண்மையைச் சொல்லியும் நம்பாத ஆத்திரம் ஒரு பக்கம், நம்பாமல் போனதற்குத் தன் புலம்பலே காரணம் என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். இத்தனை நாள் சரியாகச் செய்ததைத் தப்பு தப்பு என்று தலையில் அடித்துக்கொள்ள வைத்தார்களே, அந்த ஆத்திரம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை விற்பனைக் கூடம். சுவர் அகலத்துக்குத் திரை, குளுகுளுவென்று காற்று, வரிசையாக நாற்காலிகள். படத்தை இயக்கிக் காட்ட அவளைத்தான் அனுப்பியிருந்தார்கள். முன்வரிசையில் அக்காவும் அத்தானும், அத்தான் மடியில் முன்பணப் பையோடு. விற்பனைக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு குழைந்தார்.

“இதான் சார் உங்க கூடம். பாருங்க, எப்படி வெயில்! காலையில எழுந்தா லைட்டே வேணாம்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் முக்கோணத்தால் தாங்க முடியவில்லை.

பிரவுசரில் ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை நிறுத்தாமலே, அதன் உள்ளே போய் ஒரு வரியை மாற்றலாம். அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். எதிர்க் கட்டடம் நிழல் போடட்டும் என்று எழுதி, தட்டினாள்.

கூடம் இருண்டது. கூட்டத்தில் ஒருவர் மின்சாரம் போய்விட்டதோ என்று மேலே பார்த்தார்.

“என்னம்மா பண்றே? அதை அணை முதல்ல!” என்றார் விற்பனைக்காரர்.

“எதை சார்? சூரியனையா?”

“படம் ரிப்பேர்! மன்னிக்கணும், படத்துல சின்ன ரிப்பேர்...”

அவள் படத்தை வீட்டுக்கு வெளியே நகர்த்தினாள். எதிர்க் கட்டடமும், அதன் நிழல் இந்தக் கட்டடத்தின் மேல் போர்வையாகக் கிடப்பதும் சுவர் முழுக்கத் தெரிந்தது. பட்டையைப் பிடித்து மெதுவாகக் காலையிலிருந்து இழுத்தாள். நிழல் நகர்ந்தது. மேல்மாடிகள் வெளுத்தன. கீழ்மாடிகள் கடைசி வரை வெளுக்கவில்லை.

அத்தான் எழுந்து நின்றார். “ரிப்பேர்னா மேல் வீடு மட்டும் எப்படிங்க வெளிச்சமா இருக்கு?” என்று கேட்டார்.

விற்பனைக்காரர் பொடி எழுத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்கா அவரைக் கேட்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள். “நீ சரியாத்தான் போட்டிருந்தியா?” என்றாள். அத்தான் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நாளையிலேருந்து உனக்கு வேலை இல்ல, தெரியுமா?” என்று பல்லைக் கடித்தார் விற்பனைக்காரர்.

“தெரியும். இன்னிக்கு இருக்கில்ல?”

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி திரைக்கு முன்னால் வந்துவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

“எங்களுது மூணாவது மாடி. போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டோம்,” என்றாள் அந்தப் பெண். “எங்க வீட்டையும் இருட்டாக்கிக் காட்டும்மா.”