வெள்ளிக்கிழமை சாட்சி

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். தேவகனி அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

"ஏட்டி ரினி, ஒந்தம்பி கடல்லருந்து உசுரோட வந்திருக்கான். நாங்க உபவாசமிருந்து மன்றாடுனது வீணாப் போவலல்லா? எந்திரிச்சு நாலு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?"

இந்த அரபு நாட்டில், ஃபர்வானியாவில் நாங்கள் இருக்கும் ஃபிளாட் அவள் பெயரில்தான். 'தமிழ் கிறிஸ்தவ நர்சுகளுக்கு மட்டும் பெட் ஸ்பேஸ்' என்று காகிதம் ஒட்டித்தான் ஆள் எடுத்தாள். பக்கத்துக் கட்டடத்தில் 'சைவம் மட்டும்', அதற்கு எதிரே 'முஸ்லிம் பேச்சிலர்'. இந்த ஊரில் படுக்கைக்கும் மதம் உண்டு. எதிலும் சேராதவளுக்கு ஒரு கட்டில் இருப்பதாக எந்தச் சுவரிலும் நான் வாசித்ததில்லை.

நான் ஒன்றும் தேடாமல் சோம்பிக் கிடந்தவள் இல்லை. குளச்சலில் பிறந்து ஞானஸ்நானம் வாங்கியவள். அம்மாவுக்குப் புற்று வந்தபோது முழங்கால் தேய ஜெபித்தேன். அம்மா போய்விட்டாள். 'ஆண்டவருடைய சித்தம்' என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். அன்றைக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது பிடித்த பிடிவாதம். கேட்டவர்களில் ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்குக் கொடுக்காதவர் யார், எதற்கு? பதில் எங்கே கிடைக்கிறதோ அந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று கிளம்பினேன். வார்டில் கூட வேலை பார்க்கும் கீழக்கரை ஹாலிதாவிடம் தமிழ்க் குர்ஆன் வாங்கிப் படித்தேன். நோன்பு மாதம் முழுக்க அவளோடு பட்டினி கிடந்தேன். லேப் பானுமதி வீட்டுப் பஜனையில் கை வலிக்கத் தட்டினேன். சிங்கள நர்ஸ் ஒருத்தி தியானத்துக்குக் கூட்டிப் போனாள். நைட் டியூட்டி முடித்த அலுப்பில் அங்கே குறட்டை விட்டதுதான் மிச்சம். போன இடமெல்லாம் நல்ல மனுஷர்கள். கேள்விக்குத்தான் பதில் இல்லை.

என் தம்பி ஜெகின் ஃபஹாஹீலில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறான். போன வாரம் காற்றில் படகு கவிழ்ந்தது. ஒரு பகல், ஒரு இரவு தகவலே இல்லை. கடலில் கிடந்த ஜெகினையும் இன்னும் இரண்டு பேரையும் ரோந்துப் படகு வந்து தூக்கியது. கூடப் போன ராமநாதபுரத்து ராமையா மட்டும் கிடைக்கவில்லை.

உடனே போன் மேல் போன். "அல்ஹம்துலில்லாஹ்! தொழுகைக்குத் தொழுகை துஆ கேட்டேன் ரினி" என்றாள் ஹாலிதா. "மருதமலைக்கு மொட்டை வேண்டியிருக்கேன். லீவுக்குப் போறப்ப அவன் தலைய கொண்டாந்து காட்டிரு" என்றாள் பானுமதி. அவளுக்கு நேர்ந்துகொள்ள என் தம்பி தலைதான் கிடைத்திருக்கிறது! எல்லாரும் பாசத்தில் செய்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ராமையாவைப் பற்றி ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டுமே!

வியாழக்கிழமை ஜெகினைப் பார்க்க அவன் ரூமுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வருகிறவர்களெல்லாம் அவன் கையைத் தொட்டு, "நீ தேவன் தெரிந்தெடுத்த பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, எங்க ரெண்டு பேரு பக்கத்துல மிதக்கதுக்கு ஒரு கேனுதான் கெடந்துச்சு. அது ராமையாண்ணன் கையில இருந்துச்சு. 'நீ சின்னப்பய, புடிடா'ன்னு எங்கிட்ட தள்ளி விட்டாரு. பொறவு திரும்பிப் பாத்தா ஆளக் காணல. யாருகிட்டயும் சொல்ல முடியலக்கா. எல்லாரும் சந்தோசமா இருக்காங்க."

வெள்ளிக்கிழமை ஹால் நிறைய ஆட்கள். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டுவார் என்று பயந்து பாட்டெல்லாம் சன்னமாகப் பாடினார்கள். தேவகனி அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தேன்.

"ஸ்தோத்திரம்" என்றேன். அக்கா முகம் மலர்ந்தது.

"என் தம்பியக் காப்பாத்துனது ராமநாதபுரத்து ராமையா. கையில இருந்த ஒரே கேனை அவனுக்குக் குடுத்துட்டு முங்கிப் போனாரு. அவரு பெஞ்சாதி ஜெயபாரதியும் ஊர்ல வெளக்கேத்தி வச்சு கும்புட்டுக்கிட்டுதான் இருந்திருப்பா. ஒங்க உபவாசத்துக்கு என் தம்பி வந்தான்னா, ராமையா எதுக்கு வரல? எங்கம்மா எதுக்குப் போனா? அவர விட்டுட்டு என் தம்பிய மட்டும் தூக்குன கை எதுவோ, அதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். ராமையாவுக்குத்தான் சொல்லுதேன். இதுதான் என் சாட்சி."

யாரோ பழக்கத்தில் 'ஆமென்' என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கினார்கள்.

"ஒனக்குப் பிசாசு புடிச்சிருக்கு! இன்னைக்கே எறங்கிரு" என்று கத்தினாள் தேவகனி அக்கா.

"எறங்குதேங்க்கா. பிசாசுக்கும் ஒரு பெட் ஸ்பேஸ் வேணும்லா, தேடிப் பாக்கேன்."

பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பெட்டிமேல் உட்கார்ந்ததும் ஜெகின் போன் செய்தான்.

"சாட்சி சொன்னியாக்கா?"

"சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"ராமையாண்ணன் பேரச் சொன்னேன் மக்கா. கேன் விசயத்தையும் சொல்லிட்டேன்."

கரைக்கு வந்ததிலிருந்து அழாத பயல், அப்போதுதான் வாய்விட்டு அழுதான். நிறுத்தச் சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தேன்.

"இவன் அழுறது உமக்குக் கேக்குதா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அம்மா போன பிறகு நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.