நடு ஆற்றுப் படி

அந்த ஆற்றின் நடுவில், நீளவாக்கில், தண்ணீரிலேயே ஒரு படி இருந்தது. அக்கரைப் பாதி இக்கரைப் பாதியைவிட ஒரு முழம் உயரம். இரண்டு கரையும் இரண்டு நாடு. உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் இரு நாட்டுப் பொறியாளர் சங்கங்களும் ஆளுக்கொரு கடல்மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டன. ஆறும் தகராறு செய்யாமல் இரண்டுக்கும் கட்டுப்பட்டு நின்றது. மீன்கள் துள்ளி ஏறப் பழகிக்கொண்டன. படகுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே படகைக் கயிறு போட்டு மேலே இழுத்தார்கள். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது.

இக்கரைச் சங்கத்தின் செயலாளரம்மா பாலம் கட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கணவர் அக்கரை நீரேற்று நிலையத்தில் மெக்கானிக். மழை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார். எப்போதாவது வந்தால் மகள் கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க. அம்மா இப்ப வந்துருவாங்க" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல வளர்ப்புதான். ஆனால் பெற்ற அப்பாவைப் பிள்ளை விருந்தாளியாக்கிவிட்டதைச் செயலாளரம்மா பார்த்துவிட்டார். பாலம் கட்டியே தீருவது என்று அன்றே முடிவெடுத்தார். ஒரு முழம் ஏறி இறங்கும் பாலம் எதற்கும் உதவாது என்பதால், இனி இரண்டு நாட்டுக்கும் ஒரே பூஜ்யம் என்று இரு சங்கங்களும் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டன. யாருடைய பூஜ்யம் என்று கேட்பது மரியாதையில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாலத்தின் இரண்டு பாதியும் நடு ஆற்றை நெருங்கிய வாரத்தில், ஒரு காலை, ஆறு தலைகீழாகிக் கிடந்தது. இப்போது இக்கரைதான் ஒரு முழம் உயரம். பாலமும் அப்படியே. மீன்களுக்குத் தலைகால் புரியவில்லை. செயலாளரம்மா அக்கரைச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க எங்க கணக்குக்கு மாறிட்டீங்களா?"

"ஆமாங்க மேடம், நேத்தே தீர்மானம் போட்டாச்சு. நீங்க?"

"நாங்க உங்க கணக்குக்கு மாறிட்டோம்."

செயலாளரம்மாவே ஒரு வழி சொன்னார்.

"இப்ப நாங்க மட்டும் பழையபடி திரும்புறோம். நீங்க தயவுசெஞ்சு எந்தத் தீர்மானமும் போடாதீங்க."

"சும்மா இருக்கறது எங்க சங்கத்துக்குக் கொஞ்சம் கஷ்டம். இருந்து பாக்குறோம்."

இக்கரைச் சங்கத் தலைவர் முறுக்கிக்கொண்டார். விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த கைதட்டல் இன்னும் அவர் காதில் இருந்தது. "குடுத்ததைத் திருப்பி வாங்குனா நம்மள என்ன நினைப்பாங்க?" என்றார். "என்ன வேணா நினைக்கட்டும் சார். என் பொண்ணு அவங்க அப்பாவை வாங்க போங்கன்னு கூப்பிடுறா" என்றார் செயலாளரம்மா. கூட்டத்தில் பாதிப்பேருக்கு அக்கரையில் உறவு இருந்தது. கைகள் உயர்ந்தன. அக்கரைச் சங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. தேநீர் வருவதற்குள் ஆறு சமமானது.

பாலம் திறந்த அன்று மெக்கானிக் வேலை முடித்து நடந்தே வந்தார். நடுப் பாலத்தில் பழக்கதோஷத்தில் படி இறங்குவதுபோல் ஒரு காலை வைத்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே வைத்தார்கள். வீட்டில் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?"

மெக்கானிக் செருப்பைக் கழற்றிப் போட்டார். "படி தடுக்கிருச்சும்மா" என்றார்.

பாலத்தில் படி எதுவும் இல்லை. ஆனாலும் இன்றுவரை, தாமதமாக வருகிறவர்கள் சொல்லும் அந்தக் காரணத்தை இரண்டு கரையிலும் எல்லா அலுவலகங்களும் ஏற்றுக்கொள்கின்றன.