நாலு மூலை மஞ்சள்

வக்கீல் சகாய ஆண்டனி முத்திரைத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அறையே கொஞ்சம் மஞ்சளானது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. முத்திரையிலிருந்த சிங்கங்களுக்கெல்லாம் நெற்றியில் குங்குமம்.

“முகூர்த்தம் என்னைக்கு தாயி?” என்றார்.

“நல்ல காரியத்துக்குப் போற காகிதம் சார். வெறுந்தாளாவா கொடுக்கிறது?” என்றாள் மீனாம்பிகை.

“சாமி ஏத்துக்கிரும். ஏர்போர்ட்டுல இருக்கிறவன் ஏத்துக்க மாட்டான். கறை பட்ட தாள்ல நான் சீல் வைக்க முடியாது. வேற தாள் வாங்கியாங்க. முத்திரைத்தாள் விக்கிற கருத்தையா ஒரு மணிக்குக் கடையைச் சாத்துனா, பொறகு நாளைக்குத்தான்.”

மீனாம்பிகையின் முகம் வாடியது. அவள் புருஷன் சுந்தரத்துக்கோ உள்ளுக்குள் ஒரு குளிர்ந்த காற்று அடித்தது.

சுந்தரம் தச்சர், செக்காலைப் பகுதி வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுப்பவர். மகள் சண்முகப்ரியா எட்டாவது படிக்கிறாள். அவள் கேரம் ஆடினால் காய்கள் தாமாகவே குழிக்கு வழி கேட்டுப் போகும். ஒருமுறை அவள் சுண்டுவதற்கு முன்பே சிவப்புக் காய் பயந்து விழுந்ததை சுந்தரம் கண்ணால் பார்த்திருக்கிறார். இப்போது பள்ளிக்கூட அணியோடு மலேசியாவுக்குப் போக வேண்டும். ஜெரினா டீச்சர் கூட்டிப்போகிறார். தாயும் தகப்பனும் வக்கீல் முன்னால் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இன்று சாயங்காலத்துக்குள் டீச்சர் கைக்குப் போகாவிட்டால், அவள் இடத்தில் வேறு பிள்ளை விமானம் ஏறும்.

‘எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை’ என்று அந்தத் தாளில் அடித்திருந்தது. சுந்தரத்துக்கு ஒரு லாரி நிறைய ஆட்சேபணை இருந்தது. திருக்கோஷ்டியூர் திருவிழாக் கூட்டத்தில் மகள் கொஞ்ச நேரம் கைவிட்டுப் போனதற்கே அவருக்குப் பாதி மீசை நரைத்தது. இன்றுவரை அந்தப் பக்கம் மட்டும்தான் வெள்ளை. இப்போது நடுவில் கடல் வேறு. பிள்ளை முகம் சுருங்குமே என்று வாயைத் திறக்காமல் இருந்தார். அவருக்காக மஞ்சள் பேசிவிட்டது.

“சுருக்கப் போய்ட்டு வாங்கப்பா.” பக்கத்தில் நின்ற சண்முகப்ரியா கேரம் ஸ்ட்ரைக்கரை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

அவருடைய மொபெட் சுருக்கப் போகிற சாதி அல்ல. அன்று அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு நத்தை ஹாரன் அடித்து முந்திப் போனது. டீக்கடையில் நிறுத்தி, டீ ஆறி மறுபடி சூடாகும்வரை ஊதி ஊதிக் குடித்தார். கடை சாத்தியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

சாத்தவில்லை. கருத்தையா பூட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரம் வரிசையின் வாலில் நிம்மதியாக நின்றார்.

“ஒங்களுக்கு எதுக்குண்ணே தாளு?” கருத்தையா எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“மக மலேசியா போகுது. கேரம் ஆட.”

வரிசை மொத்தமும் திரும்பியது. பாகப்பிரிவினைக்கு வந்து, காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அண்ணனும் தம்பியும் சேர்ந்தாற்போல ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“புள்ள காரியம். முன்னுக்குப் போங்க,” என்றார் அண்ணன்.

“தனியாவா அனுப்புறீக?” என்றார் தம்பி.

“டீச்சர் கூட. அது தைரியமான புள்ளைங்க.”

சொன்னது யார் என்று சுந்தரமே ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அதே டீக்கடையில், யாரும் கேட்காமலே, மகள் தமிழ்நாட்டுக்காக ஆடப்போவதாகச் சொன்னார். பெட்ரோல் பங்கில் அது இந்தியா ஆனது. வக்கீல் வீட்டுப் படியேறும்போது மலேசியாக்காரர்கள் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். வண்டி அன்று திருப்பத்தூர் பஸ்ஸை முந்தியது. கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

புதுத் தாளில் அடித்து வந்ததும் மீனாம்பிகை விரல்களை முந்தானையில் மறுபடி மறுபடி துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டாள். சுந்தரத்தின் பேனா ‘ஆட்சேபணை’ பக்கம் வந்து நின்றது.

“என்ன, யோசிக்கிறீக?” என்றாள் மெதுவாக.

அவர் மகளைப் பார்த்தார். “போன் பண்ணுவியா?”

“பண்ணுவேன்ப்பா.”

“தோத்தாலும்?”

“தோத்தா மொதல்ல ஒங்களுக்குத்தான்.”

பலகையில் நூல் பிடித்தாற்போலக் கோடு இழுக்கிற கை, ஒரு கோணல் கையெழுத்தைப் போட்டது.

மூன்று பேரும் மொபெட்டில் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். பின்னால் மீனாம்பிகை, மஞ்சள் போகாத ஆள்காட்டி விரலை மட்டும் படாமல் நீட்டிக்கொண்டு கடிதத்தைப் பிடித்திருந்தாள். சுந்தரத்தின் சட்டைப் பையிலிருந்து பழைய தாளின் மஞ்சள் மூலை எட்டிப் பார்த்து, எதிர்க்காற்றில் படபடத்துக்கொண்டே வந்தது.